மொட்டை மாடியில் இறால் ஓடு

தேவசேனாவுக்கு அக்கா மேல் சந்தேகம் வந்ததே காக்காய்களால்தான்.

மாடியில் அம்மா பிழிந்த வடாம் காய்ந்துகொண்டிருந்தது. காவலுக்கு தேவசேனா. ஆனால் ஒரு காக்காய்கூட வடாம் பக்கம் திரும்பவில்லை. எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலேயே போய் இறங்கின. இது என்ன கூத்து என்று எட்டிப் பார்த்தாள். கொசுவலைத் துணிக்கு அடியில், செய்தித்தாள் மேல், சிவப்பாக ஏதோ காய்ந்தது. நாற்றம் தாங்கவில்லை.

இறால் ஓடு. மீன்கடைப் பக்கம் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்குப் போகிறவளுக்கு இது தெரியாதா?

அப்பா வெங்கடசுப்பிரமணியன் மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவர். வீட்டில் வெங்காயம்கூட நுழையாது. சென்னையில் ஆராய்ச்சி செய்யும் ப்ரியா அக்கா நேற்றுதான் மின்சார ரயிலில் வந்தாள். வந்ததும் வராததுமாகப் பையோடு மாடிக்கு ஓடியது இதற்குத்தானா? ஓடு இங்கே இருக்கிறது. உள்ளே இருந்த இறால் எங்கே? வேறெங்கே, அக்கா வயிற்றில்தான். அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்புக்கு அன்றோடு முழுக்கு. தேவசேனாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மத்தியானம் அக்கா ரசம் சாதத்தை ஆசையாகச் சாப்பிட்டதுகூட நடிப்பாகப் பட்டது. பொறுக்க முடியாமல் மாடிக்கு இழுத்துப் போய்க் கேட்டுவிட்டாள்.

"நீ இறால் திங்கறியா?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஓட்டல்காரர்கள் தூக்கி எறிகிற ஓடாம் அது. விடுதியில் காயவைக்க விடவில்லையாம். சிலருக்கு உடம்பில் மரபணு பழுதாகி நோய் வருகிறது. நல்ல மரபணுவை உள்ளே அனுப்பினால் வழியிலேயே சிதைந்துவிடும். வைரஸ் மேல் ஏற்றி அனுப்பலாம். ஆனால் அதோடு உடம்பு சண்டைக்கு நிற்கும். இந்த ஓட்டிலிருந்து எடுக்கும் பொருளில் பொதிந்து அனுப்ப முடியுமா என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி.

தேவசேனாவின் சந்தேகம் அப்போதும் தீரவில்லை. "கொண்டுபோன ஓடு உள்ளேயே தங்கிடாதா?"

"தங்காது. தானே கரைஞ்சு போயிடும்."

அதற்குள் துண்டால் மூக்கை மூடியபடி அப்பா மாடியேறி வந்துவிட்டார். ஓட்டைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"இதுக்குத்தான் மெட்ராஸ் போனியா? இனிமே போக வேண்டாம்."

தேவசேனா முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, கோயில்ல சர்க்கரைப் பொங்கலை எதுல குடுக்கறேள்?"

"தொன்னையில."

"வெறுங்கையில குடுத்தா?"

"சுடும், சிந்தும்."

"சாப்பிட்டப்புறம் அந்தத் தொன்னை?"

"மக்கிப் போயிடும். அதுக்கென்ன இப்போ?"

"அக்காவும் இந்த ஓட்டுலேர்ந்து தொன்னைதான் பண்றாப்பா. மருந்தை உடம்புக்குள்ள குடுத்துட்டு அதுவே கரைஞ்சுடும். அவ இறால் திங்கலை. நான் கேட்டுட்டேன்."

அப்பா பெரிய மகளைப் பார்த்தார். "நோய் நிஜமா தீருமா?"

"இன்னும் தெரியலைப்பா. முயற்சி பண்ணிண்டிருக்கோம்."

அப்பா குனிந்தார். செய்தித்தாளை இரண்டு கையாலும் பிடித்து, தொட்டி நிழலிலிருந்து வெயிலுக்கு இழுத்தார்.

"நிழல்ல வெச்சா எப்போடி காயும்?" என்றார்.

பிறகு அந்தக் கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, இன்னொரு தடவை குளிக்கக் கீழே இறங்கினார்.