நான்காவது இழை

ஞாயிற்றுக்கிழமை மதியம். மொண்டேவீடியோ நகரமே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தது. வானம் கறுத்து, ஆற்றுக்காற்று தெருமுனையில் ஊளையிட்டது. நிபியா கக்கத்தில் வெந்நீர்க் குடுவையும் கையில் மாத்தே என்னும் பச்சிலைத் தேநீர்க் குடுக்கையுமாக அந்தப் பழைய வீட்டின் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். அதுதான் அவளுடைய அலுவலகம். கூண்டு லிஃப்ட் இருட்டில் நின்றிருந்தது. அதைப் பார்க்காமல் படியேறினாள். கூட வேலை பார்த்த டார்தோ அதன் அடியில் செத்த பிறகு யாரும் அதில் ஏறுவதில்லை, முதலாளி வில்மாரைத் தவிர. மனசாட்சி இருந்தால்தானே பயம் வரும்.

அவர்கள் விற்பது டீபக்கர். லிஃப்டை ஓட்டும் கணினி நிரலைப் பாதியில் நிறுத்தி, உள்ளே என்ன கோளாறு என்று எட்டிப் பார்க்கும் கருவி. 'நிறுத்திவிட்டேன்' என்று அது சொன்னால் லிஃப்டும் நின்றிருக்க வேண்டும். அந்தச் சொல்லை நம்பித்தான் மெக்கானிக் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குகிறான்.

அது பொய் சொல்கிறதா என்று பார்க்க டார்தோ சோதனைகள் எழுதி வைத்திருந்தான். டீபக்கர் திரையில் சொல்வது மொத்தத்தையும் பதிந்து வைத்து, அடுத்த முறை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது அவன் பாணி. ஒத்துப்போனால் பச்சை, ஓர் எழுத்து மாறினாலும் சிவப்பு. திரையின் அலங்காரத்தை வில்மார் மாற்றச் சொன்ன அன்று எல்லாமே சிவந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்க்க யாருக்குப் பொறுமை? வெள்ளிக்கிழமை வேறு, மொட்டைமாடியில் கறி வெந்துகொண்டிருந்தது. வில்மார் வந்து 'ஏற்றுக்கொள்' என்ற பொத்தானைத் தட்டினான். இன்றைக்கு வந்ததே இனிமேல் சரி என்று அதற்கு அர்த்தம். எல்லாம் பச்சை. நின்ற பிறகும் லிஃப்ட் நகர்ந்ததைக் காட்டிய ஒற்றை வரியும் அந்தக் குவியலோடு சரியாகிப்போனது.

டார்தோ பச்சையை நம்பிக் குழிக்குள் இறங்கினான்.

மெயின் சுவிட்சை அணைக்காதது அவன் தப்பு என்று முடித்துவிட்டார்கள். கோளாறைச் சரிசெய்தாகிவிட்டது என்றான் வில்மார். இப்போது ரொசாரியோ நகரத்தில் ஒரு கம்பெனி அந்த டீபக்கரை வாங்குகிறது.

"நாளைக்கு அங்க மாட்டுறாங்க, நிபியா," என்று காலையில் போனில் சொல்லியிருந்தான். "டார்தோவோட டெஸ்ட் குப்பையைத் தூக்கிக் கடாசு. நின்னியான்னு கேளு, நின்னேன்னு சொல்லட்டும். அவ்வளவுதான் டெஸ்ட். நாம கேக்காததை எல்லாம் அது ஏன் உளறணும்?"

கேட்டதற்கு மட்டும் பதில். எழுதச் சுலபம், உடைவதும் இல்லை. அவள் எழுதி, அந்த வீட்டு லிஃப்டிலேயே ஓட்டினாள்.

நின்றாயா? நின்றேன். பச்சை.

கீழே சங்கிலி குலுங்கியது.

காற்றாக இருக்கும் என்று மறுபடி ஓட்டினாள். பச்சை. சங்கிலி இன்னொரு முறை குலுங்கியது. மசகெண்ணெய் நாற்றத்தோடு கருகிய ஆரஞ்சுத்தோல் வாசம் வந்தது. மாத்தேயில் ஆரஞ்சுத்தோலைச் சுட்டுப்போட்டுக் குடிப்பவன் அந்த அலுவலகத்தில் ஒருவன்தான் இருந்தான்.

டார்தோவின் சோதனையை அழிக்குமுன் கடைசியாக ஒரு தடவை ஓட்டினாள்.

சிவப்பு.

நிரலுக்குள் ஒரே சமயத்தில் நடக்கும் வேலைகளை இழை என்பார்கள். கதவுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, பொத்தான்களுக்கு ஒன்று, மூன்றுதான் உண்டு. திரையில் நான்கு இருந்தன. நான்காவதற்குப் பெயர் இல்லை.

நிலை: காத்திருக்கிறது. இடம்: குழி.

அப்படியொரு இடத்தை நிரலில் யாரும் எழுதியதில்லை.

"டார்தோ?" என்று கிசுகிசுத்தாள்.

லிஃப்ட் ஏறி வந்தது. அவள் மாடியில் நின்றது. கூண்டுக் கதவு திறந்தது.

பிஸ்கோச்சோ ரொட்டிப் பொட்டலத்தோடு வில்மார் இறங்கினான். "என்னடி, பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிற?"

"எப்படி வந்தீங்க?"

"பொத்தானைக்கூடத் தொடலை. தானா கீழ வந்து கதவைத் திறந்துச்சு. நல்ல மரியாதை."

"நிரல் நின்னுக்கிட்டு இருக்கு, வில்மார். லிஃப்ட் அசைஞ்சே இருக்கக் கூடாது. என் டெஸ்ட் பச்சைங்குது. டார்தோவோடதுதான் உண்மையைச் சொல்லுது."

அவன் குனிந்து நான்காவது வரியைப் படித்தான். மூக்கு ஒருமுறை விடைத்தது. வாசம் அவனுக்கும் எட்டியிருக்க வேண்டும். முகம் வெளுத்தது. இப்போதாவது திருந்துவான் என்று நிபியா நினைத்தாள், பாவம்.

"உனக்குப் பழைய டெஸ்ட்தானே வேணும்? வச்சுக்க," என்று சொல்லி 'ஏற்றுக்கொள்' பொத்தானைத் தட்டினான். பச்சை. "இனிமே நாலுதான் சரி. இப்படியே ரொசாரியோவுக்குப் போகட்டும்."

"அங்க ஒருத்தன் இதை நம்பி இறங்குவான்!"

"மெயினை அணைச்சுட்டு இறங்கட்டும். டார்தோவுக்குச் சொன்னதுதான் அவனுக்கும்."

"த்தூ," என்றாள் நிபியா. அத்தோடு அவள் வேலை போயிற்று.

வில்மார் திரும்பிப் போகும்போது லிஃப்ட் கதவு திறந்தே கிடந்தது. அவன் படியில் இறங்கினான்.

அன்றே ரொசாரியோவின் பொறுப்பாளர் கிரிசெல்தாவுக்கு நிபியா செய்தி அனுப்பினாள்: குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள், டீபக்கர் பொய் சொல்கிறது. பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. வேலை போன ஆத்திரத்தில் பிதற்றுகிறாள் என்று வில்மார் முந்திக்கொண்டு சொல்லியிருப்பான். அவனைத் தெரியாதா?

மறுநாள் மத்தியானம் அவள் சமையலறையில் நின்று தண்ணீர் காய்ச்சும்போது போன் ஒலித்தது. கிரிசெல்தாவின் குரல்பதிவு. பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டது.

"நிபியா, உங்க பாஸ் போனை எடுக்கலைங்க, அதான் உங்ககிட்ட கேக்கறேன். காலையில ஓட்டினப்போ உங்க டெஸ்ட் எல்லாம் பச்சைதான், நாலு இழையும் சரியா இருந்துச்சு. அதை நம்பித்தான் எங்க மெக்கானிக் எவேலியோ குழிக்குள்ள எறங்கினான். கூப்பிட்டா குரலே குடுக்க மாட்டேங்கிறான். இப்ப என்னடான்னா டெஸ்ட் செவப்பா நிக்குது, அஞ்சு இழை காட்டுது. ஏத்துக்கட்டுமா?"