கரையில் வைத்த தண்ணீர்

திரும்பிப் பார்த்தபோதுதான் தங்கமுத்து அதைக் கவனித்தார். அவருடைய சைக்கிள் வந்த தடம் ஈரமாக இருந்தது.

கால்வாயில் தண்ணீரை அடைத்து நாலு மாதம் ஆகிறது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஜல்லியும் செம்மண்ணும் கலந்து கிடந்த அந்தக் கரைப் பாதையில் எச்சில் துப்பினால்கூட மறு நொடி காய்ந்துவிடும். ஆனால் அவர் வந்த வழி நெடுக, நனைந்த கயிற்றை யாரோ இழுத்துக்கொண்டு போனதுபோல, கறுப்பாக ஒரு கோடு கிடந்தது.

இறங்கி டயரை அழுத்திப் பார்த்தார். காற்று இருந்தது. காட்டுப் பாதைக்கென்றே செய்த சைக்கிள் அது. டியூப் கிடையாது, முள் குத்தினால் அடைத்துக்கொள்ள உள்ளே வெள்ளைப் பசை ஊற்றியிருப்பார்கள். அதுதான் கசிகிறது என்று விரலால் தொட்டு முகர்ந்தார். பசை இல்லை, தண்ணீர்தான். பாசி அழுகிய வாடை அடித்தது.

"வெயில் தலைக்கு ஏறிடுச்சுப்பா உனக்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மனைவி போனபிறகு வந்த பழக்கம் இது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், பேச? மேட்டூரில் மின் நிலையத்தில் முப்பது வருஷம் இரைச்சலுக்குள் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவருக்கு, வீட்டின் அமைதிதான் காதை அடைத்தது. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் தாங்காமல்தான் இந்தச் சைக்கிளையே வாங்கினார். அறுபது வயதில் அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக அவர் கிளம்புவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. சிரிக்கவாவது நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவருக்கு அதிலும் ஒரு சந்தோஷம்.

இன்றைக்கு அவர் கிளம்பியதே நிலைகொள்ளாமல்தான். மகள் சௌமியா மூன்று வருஷம் கழித்து மஸ்கட்டிலிருந்து வருகிறாள். பெங்களூரில் இறங்கி வாடகைக் கார் எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். இந்த முறை அவரையும் கையோடு கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவளுடைய அறையைக் கூட்டி, அணை மீன் வாங்கிக் கழுவி வைத்து, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து பார்த்துவிட்டு, ஒரு சுற்று போய் வரலாம் என்று கால்வாய்க் கரையில் ஏறிவிட்டார். அதற்கும் போனில் திட்டு வாங்கியாயிற்று.

"இந்த வெயில்ல எங்கப்பா சுத்தறீங்க? எங்க இருக்கீங்கன்னு என் போன்ல தெரியற மாதிரி போட்டு வைங்க. நேரா அங்கயே வந்து உங்களக் கார்ல தூக்கிப் போட்டுட்டுப் போறேன்."

"சரி கண்ணு, வா" என்று அவள் சொன்னபடியே போட்டு, போனைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டினார். அந்தத் திட்டைக் கேட்க மூன்று வருஷம் காத்திருந்தவர் அவர்.

மறுபடி ஏறி மிதித்தார். தொண்டை வறண்டது. இத்தனைக்கும் கொஞ்ச நேரம் முன்புதான் வயிறு முட்டக் குடித்திருந்தார். கரையோரம் வேலமரத்து நிழலில் யாரோ ஒரு மண்பானை வைத்திருந்தார்கள். ஈரத்துணி சுற்றி, தட்டு மூடி, மேலே ஒரு டம்ளர். கோடையில் வழிப்போக்கருக்காகப் பானை வைப்பது இந்தப் பக்கத்தில் எல்லா ஊரிலும் உள்ளதுதான். "வெச்ச மகராசன் நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டு இரண்டு டம்ளர் மொண்டு குடித்தார். சில்லென்று இருந்தது. அடித்தொண்டையில் மட்டும் லேசாக மண் வாசம்.

இப்போது யோசித்தால், அந்த இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஊரே இல்லை. பானையோ விளிம்புவரை நிறைந்திருந்தது.

சைக்கிளில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் காலி செய்தார். மணலில் ஊற்றியதுபோல் போயிற்று. தாகம் குறையவில்லை, கூடியது. உதடு வெடித்தது. ஆனால் உடம்பு நனைந்துகொண்டிருந்தது. வியர்வை என்றுதான் முதலில் நினைத்தார். வியர்வை இவ்வளவு குளிராக இருக்காது. சட்டைக் கையிலிருந்து சொட்டியது. மிதிக்கும்போதெல்லாம் ஷூவுக்குள் சளப், சளப் என்று கேட்டது. நிறுத்திக் கழற்றிக் கவிழ்த்தார். கலங்கல் தண்ணீர் கொட்டியது, கூடவே ஒரு சின்ன நத்தை.

அவருக்குப் பயம் வந்தது. உச்சிவெயிலில், இத்தனை வெளிச்சத்தில் பயப்படுகிறோமே என்று வெட்கமும் வந்தது. வீட்டுக்குப் போய்விட வேண்டும். சௌமியா வரும்போது வாசலில் நிற்க வேண்டும். சைக்கிளைத் திருப்பி வந்த வழியே மிதித்தார். காற்று இல்லை. ஒரு காக்கை, ஒரு ஆடு, தூரத்தில் ஒரு டிராக்டர், எதுவும் இல்லை. வேலமரம் கண்ணில் பட்டதும் மனிதர் நிழல் ஒன்று தெரிந்ததில், அழுகை வருமளவுக்கு நிம்மதியாக இருந்தது.

ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி, காலடியில் ஒரு தண்ணீர்க் குடம். பானையின் தட்டைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை அவர் கவனிக்காததெல்லாம் இப்போது கண்ணில் பட்டது. பானைக்குப் பின்னால் ஒரு ஜோடிச் செருப்பு. மடித்த சட்டை, பேண்ட். ஒரு சீப்பு.

"ஏனுங்ணா, தண்ணி குடிச்சது நீங்களா?"

"ஆமாங்க. பந்தல் பானைன்னு நெனச்சு..."

"வெளியூருங்களா? இந்தப் பக்கத்துல ஒருத்தரும் தொடமாட்டாங்க." குரலில் கோபமே இல்லை. "எம் பையன் சபரிக்கு வெச்சதுங்க. மார்கழில, தண்ணி அடைக்கறதுக்கு மொத நாளு இதுல குளிக்க எறங்குனான். ஆளு கெடைக்கவே இல்லீங்க. தண்ணி வத்துன பொறவும் கெடைக்கல. அவனுக்கு ஒரே தாகமுங்க. ராவெல்லாம் கேக்கறான்."

தங்கமுத்துவின் மூக்கு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் கசங்கி, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"மன்னிச்சுக்குங்ணா. நானா கூப்புட்டுக் குடுக்கல. அந்தப் பாவத்த நான் பண்ணல. நீங்களா வந்து குடிச்சீங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

அவள் கால்வாய்ப் பக்கம் திரும்பினாள். வெடித்துக் கிடந்த சேற்றைப் பார்த்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள்.

"சபரி. ஏறி வா சாமி. போதும்."

சளப்.

அவர் காலில் இருந்து வந்த சத்தம் இல்லை அது. அவர் நின்றுகொண்டிருந்தார்.

சளப். சளப்.

கற்கள் பதித்த சரிவில் ஈரக் கால்தடங்கள் மேலேறி வந்தன. முதலில் தடம் மட்டும். அப்புறம் கணுக்கால். சேறு அப்பிய முழங்கால். அவர் கண்ணை மூடினார். திறந்தபோது வானம் உயரத்தில் இருந்தது. கரை உயரத்தில் இருந்தது. அவர் கால்வாய்க்குள் நின்றிருந்தார்.

மேலே அவள் ஒருவனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். சட்டையை உதறிப் போட்டுவிட்டாள். சீப்பால் வாரிவிட்டாள். அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. பிறகு அவள் குடத்திலிருந்து பானையை நிரப்பினாள். விளிம்புவரை. தட்டை மூடி, டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்களுக்கும் வெச்சுட்டுப் போறேனுங்ணா" என்று கீழே பார்த்துச் சொன்னாள். "கவலப்படாதீங்க. ஆராவது வருவாங்க."

இரண்டு பேரும் போனார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏறினார். கல் வெயிலில் காய்ந்து வெளுத்திருந்தது. கை வைத்தால் பாசிபோல வழுக்கியது. மறுபடி ஏறினார். வழுக்கியது. மறுபடி. நகம் பெயர்ந்தது. ரத்தம் வரவில்லை, தண்ணீர் வந்தது. தாகம். அப்படி ஒரு தாகத்தை அவர் அறுபது வருஷத்தில் அறிந்ததில்லை. வயிற்றில் இல்லை, தொண்டையில் இல்லை. எலும்பில் இருந்தது.

கரைமேல் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

பிறகு, ஜல்லியில் கார் சக்கரம் நெரியும் சத்தம்.

"அப்பா?"

கார்க் கதவைச் சாத்தும் சத்தம். சௌமியாவின் தலை கரையில் தெரிந்தது. இளைத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். கீழே பார்த்தாள். அவர் நின்ற இடத்தை நேராகப் பார்த்தாள். அவள் கண் காய்ந்த சேற்றின்மேல் நகர்வதுபோல அவர்மேல் நகர்ந்து போயிற்று.

"கண்ணு!" என்று கத்தினார். வாயிலிருந்து தண்ணீர்தான் வந்தது.

"அப்பா! எங்க போனீங்க?" சைக்கிளைத் தொட்டாள். ஈரமான இருக்கையில் இருந்து கையை எடுத்துச் சுடிதாரில் துடைத்தாள். இன்னும் நாலு தடவை கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. வியர்த்து வழிந்தது அவளுக்கு. நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள்.

பானையைப் பார்த்தாள்.

வேண்டாம். வேண்டாம் சாமி. தொடாதே. அவர் கல்லில் மோதினார், நகத்தால் பிறாண்டினார், ஊமையாக அலறினார். தட்டு நகரும் சத்தம் கேட்டது. டம்ளர் தண்ணீரில் மூழ்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவருடைய உடம்பு முழுவதும் ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது.

அவள் அண்ணாந்து குடித்தாள். முதல் மிடறு அவள் கழுத்தில் இறங்குவதைப் பார்த்தார். தன் வறண்ட தொண்டையில் அது குளிர்ச்சியாக இறங்குவதை உணர்ந்தார். வேண்டாம் என்று சொல்லத் திறந்த வாயை மூடாமல், இன்னும், இன்னும் என்று கீழே நின்று காத்திருந்தார்.