காலியாக விட்ட கட்டம்

நேற்று அந்தப் பெரியவரின் கையில் குடை இல்லை.

அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மழைக்கோடுகளுக்கு நடுவே, தொப்பி விளிம்பிலிருந்து நீர் சொட்ட, வெறுங்கைகளை விரித்துக்கொண்டு நின்றார். கீழே ஒரே வரி: ‘குடையைக் காணோம்!’ எப்போதோ நின்றுபோன ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டிய கேலிச்சித்திரம். இன்று காலை அதே அட்டையில் அவர் குடை பிடித்திருந்தார். ஒரு கம்பியின் நுனியில் துணி கிழிந்து, தடித்த நூலால் கோணல்மாணலாகத் தைத்திருந்தது. தன் வீட்டுக் குடையில் அந்தத் தையலைப் போட்டவள் அவள்தான்.

பழைய படங்களைச் சேர்த்துவைத்துப் பதிப்பகங்களுக்குக் கொடுக்கும் அலுவலகம் அது. எல்லாரும் ஸ்கேனர் அண்ணன் என்று கூப்பிடுகிறவர் ஒவ்வொரு படத்தையும் கண்ணாடியின்மேல் கவிழ்த்து ஒளியை ஓடவிடுவார். சூடேறிய கண்ணாடியின் வாசனையும் பழைய காகிதத்தின் புளித்த வாசனையும் கலந்து வரும் அந்த அறையில் அவள் கணினியில் விவரம் அடிப்பாள். இந்த மாதத்துப் பெட்டியின்மேல் ‘காணாமல் போனவை’ என்று எழுதியிருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வீட்டையே புரட்டிப்போடுகிறவர், ஒற்றைச் செருப்போடு நொண்டும் மாப்பிள்ளை, பல்செட்டைத் தேடி நாயின் வாயைத் திறந்து பார்க்கும் கிழவி. ஒவ்வொன்றுக்கும் ‘காணாமல் போனது’ என்ற கட்டத்தில் அவள் ஒரு சொல் போட வேண்டும். போட்டதும் பக்கத்தில் அவள் பெயர் தானாக வந்து உட்காரும். நேற்று அந்தப் பெரியவருக்கு ‘குடை’ என்று போட்டிருந்தாள்.

“அண்ணே, நீங்க ஸ்கேன் பண்ணும்போது இவர் கையில குடை இருந்துச்சா?”

அவர் எட்டிப் பார்த்தார். “குடையைப் பிடிச்சுக்கிட்டே குடையைத் தேடுறாரு. அதாம்மா ஜோக்கே. எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா, போன்ல பேசிக்கிட்டே போனைக் காணோம்பா.”

அன்று வீட்டுக்குப் போனபோது கதவுக்குப் பின்னால் குடை மாட்டும் ஆணி மட்டும் இருந்தது.

“நமக்கு ஏது குடை?” என்றான் கணவன். “வாங்கணும் வாங்கணும்னு நீதானே சொல்லிக்கிட்டிருக்க.”

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் அந்தப் பெரியவர் இப்போது நனையவில்லை. கடவுள் எந்த முகத்தோடு வந்து கேட்பார் என்று யாருக்குத் தெரியும்? மறுநாள், குளிரில் சுருண்டு கிடந்த ஒரு பெண்ணின் படத்துக்கு, கொஞ்சம் தயங்கி, ‘போர்வை’ என்று அடித்தாள். வீட்டில் உபரியாக ஒன்று இருந்தது. கொடுத்துவிட்டுப் போகலாமே என்றுதான் நினைத்தாள். அடித்த விரல், காலை மடித்து நெடுநேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, அப்படி மரத்துப்போயிற்று. வலிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் கூடத்துச் சுவரில் வெளுத்த சதுரம் ஒன்றைக் கண்டாள். அங்கே ஏதோ வெகுநாள் மாட்டியிருந்திருக்கிறது. என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. அலுவலகத்தில் தன் பதிவுகளைப் புரட்டினாள். வெறும் சட்டத்தின் முன் நிற்கும் ஒரு முதியவளின் படத்துக்கு, ‘புகைப்படம்’ என்று அவளே அடித்திருந்தாள்.

யாருடைய புகைப்படம்?

துக்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பயம்கூடக் கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது.

அப்போதுதான் பெட்டியின் கடைசிப் படம் அவள் மேசைக்கு வந்தது. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒரு சாப்பாட்டு மேசை, மூன்று நாற்காலிகள். அப்பா மண்டியிட்டு மேசைக்கு அடியில் பார்க்கிறார். அம்மா ஜன்னல் திரையைத் தூக்கிப் பார்க்கிறாள். மூன்றாவது நாற்காலி மட்டும் உயரமாக, சின்னக் கால்கள் தொங்குவதற்கு ஏற்றபடி. கீழே இருந்த வரியின் முன்பாதியைக் கத்தரிக்கோல் தின்றிருந்தது. மிச்சம்: ‘யைக் காணோம்.’

காணோம். ஒருத்தர் சொன்னாலும் அது பன்மைதான். பக்கத்தில் இருப்பவரையும் தேடச் சொல்லி இழுக்கிற சொல்.

‘பூனை’ என்று அடித்துப் பார்த்தாள். வீட்டில் பூனை கிடையாது. இல்லாததை எப்படிக் கொடுப்பது? படத்து அம்மா திரையைத் தூக்கியபடியே நின்றாள். இவள் சொல்லை அழித்துவிட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டாள். கணினித் திரையில் சிவப்புக் கோடு விழுந்தது: ‘இந்தக் கட்டம் கட்டாயம்.’

தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பினாள். வழியெல்லாம் வேண்டிக்கொண்டாள். தன் மகளுக்காக. பிறகு, மனசு கேட்காமல், படத்திலிருந்த அந்த இரண்டு பேருக்காகவும்.

பள்ளிக்கூட வாசலில் வாலு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். ஏழு வயதின் கனம். சாயங்காலம் கூடத்தில் அவளை முழங்கால்களுக்கு நடுவே உட்காரவைத்துத் தலை வாரினாள்.

“இழுக்காதேம்மா! தலை கையோட வந்துரும்.”

“வந்தா ஒட்டி வச்சுக்கலாம். ஆடாம உக்காரு வாலு.”

ஒரு பக்கம் பின்னி முடித்து ரிப்பனைக் கட்டினாள். மறுபக்கத்து முடி கையில் இருக்கும்போது போன் அடித்தது. ஸ்கேனர் அண்ணன்.

“தலைவலி எப்படிம்மா இருக்கு?”

“பரவால்லண்ணே.”

“ஒரு கட்டத்தைக் காலியா விட்டுட்டுப் போயிட்டியே. காலைல மேலாளர் வந்து குதிப்பாரு. பாவம், உனக்கே முடியலைன்னு நானே போட்டுட்டேன். உன் பேர்லதான் இருக்கு. நிம்மதியாத் தூங்கு.”

அவர் குரலில் கள்ளமே இல்லை.

“என்ன போட்டீங்கண்ணே?”

“வேறென்ன? உசரமான நாற்காலி. குழந்தைன்னு போட்டேன்.”

கையிலிருந்த முடி சூடாக இருந்தது. பிறகு இல்லை.

சீப்பு. ஒரு ரிப்பன். கால்களை அகட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஏன்? விரல்கள் மரத்திருந்தன. முழங்கை வரை. நெஞ்சு வரை.

“ஏம்மா, லைன்ல இருக்கியா? ஹலோ?”

“இருக்கேண்ணே. ரொம்ப நன்றி.”

கணவன் இரண்டு தட்டுகளை எடுத்துவைத்தான். சாப்பிட்டார்கள். வீடு அமைதியாக இருந்தது. எப்போதுமே இப்படித்தானே என்று நினைத்தாள். நினைத்ததும் எதற்கோ எழுந்து நின்றாள். எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்தாள்.

காலையில் ஸ்கேனர் அண்ணன் அந்த அட்டையை அவள் மேசையில் வைத்தார். “உள்ளே வைக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவை சரிபார்த்துரு.”

மேசையைச் சுற்றி மூன்று பேர். அப்பா சிரிக்கிறார். அம்மாவும் சிரிக்கிறாள், பிள்ளையின் தோளை அழுத்திப் பிடித்தபடி. பிள்ளை மட்டும் அவர்களைப் பார்க்கவில்லை. கழுத்தை முழுக்கத் திருப்பி, படத்துக்கு வெளியே பார்க்கிறது. ஒரு பக்கம் ரிப்பன் கட்டிய பின்னல். மறுபக்கம் முடி அவிழ்ந்து தொங்குகிறது. வாய் பெரிதாகத் திறந்திருந்தது.

“யாரு பெத்த பிள்ளையோ,” என்றாள் அவள். “பாதித் தலையோட உக்கார வச்சிருக்காங்களே.”

இரக்கத்தோடு அந்தக் கன்னத்தை விரலால் தடவினாள். விரலில் மை ஒட்டியது. இன்னும் ஈரமாக. வெதுவெதுப்பாக.