வெண்குடையைத் துரத்திய புயல்

வெண்குடையில் காலையில் எழுந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது ஊருக்குப் பின்னால் வருவதைக் காட்டும் பின்திரையைத்தான். 'துரத்தி' என்று பேர் வைத்திருந்த புயல் எங்கே வருகிறது என்று தெரிந்த பிறகுதான் பல் தேய்ப்பார்கள். தமிழ்நாடு அளவுள்ள வெள்ளைப் புயல் அது. பதினோரு வருடமாக, ஊர் எந்தப் பக்கம் திரும்பினாலும், ஆறு நாள் தூரம் விட்டுப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

வெண்குடை வியாழன் கோளின் மேகங்களுக்கு மேல் மிதக்கும் ஊர். சூடாக்கிய ஹைட்ரஜன் கூடுகள் அதைத் தாங்கின, மூன்று உந்துலைகள் அதை ஓட்டின. உந்துலை பெரிய சங்கதி ஒன்றுமில்லை. கோளின் காற்றை உறிஞ்சி, அணுச்சூட்டில் காய்ச்சி, பின்னால் பீய்ச்சும் ஓர் அடுப்பு, அவ்வளவுதான். அது வந்த பிறகுதான் மனிதர்கள் வியாழனில் தைரியமாகக் குடித்தனம் நடத்த ஆரம்பித்தார்கள். புயல் வந்தால் ஓடிவிடலாம் அல்லவா?

கடந்த ஒரே மாதத்தில் அந்த ஆறு நாள் தூரம் நான்காகச் சுருங்கிவிட்டது. நான்காவது உந்துலை பொருத்துவதென்று ஊர்க்கூட்டம் முடிவு செய்த மறுநாள், புயல் காவலர் வடிவு பழைய பதிவுகளைத் தூக்கிக்கொண்டு ஓட்டுநர் இசக்கியப்பனிடம் போனாள்.

"அண்ணாச்சி, நாலாவது உலை வேண்டாம். இருக்கற மூணையும் அணைச்சிருங்க."

"காலையில ஏதும் சாப்பிட்டியாம்மா?" என்றார் அவர்.

வடிவு கண்டுபிடித்தது பொங்கல் சமாசாரம். வெண்குடையில் பொங்கலன்று முழு நாளும் உந்துலைகள் ஓடாது. பால் தானாகப் பொங்க வேண்டும், இயந்திர அதிர்வில் தளும்பி வழிந்தால் அது பொங்கலில் சேர்த்தியில்லை என்பதில் ஊர் ஒரே பிடிவாதமாக இருந்தது. அடுத்த வாரமே துரத்தி கொஞ்சம் இளைக்கும். புயல்கூடப் பண்டிகைக்கு மரியாதை கொடுக்கிறது என்று எல்லோரும் சிரிப்பார்கள். கோளியல் பட்டம் வாங்கியவர்களும் சிரித்தார்கள். நம் ஆட்களுக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டால் போதும், உண்மையான காரணத்தைத் தேட மாட்டார்கள். வடிவும் பத்து வருடம் சிரித்தவள்தான்.

"அது நம்மளத் துரத்தல, அண்ணாச்சி. நாம கக்குற சூடு பின்னாடி தடமா கெடக்கு. ஈரக்காத்து அந்தச் சூட்டுல மேல எழும்பிச் சுத்துது. ஓட ஓட அதுக்குத் தீனி கூடுது. பொங்கலுக்கு ஒரு நாள் தீனி இல்ல, அதான் இளைக்கு."

வியாழனின் காற்று எப்போதடா சாக்கு கிடைக்கும் என்று காத்திருக்கும் காற்று. சின்னச் சூடு போதும். இசக்கியப்பன் பதினோரு வருடப் பதிவையும் ஒன்று விடாமல் பார்த்தார்.

"தப்பாப் போச்சுன்னா?"

"நானூறு பேரும் சாவோம். ஓடினா ரெண்டு மாசத்துல எப்படியும் சாவோம்."

அவர் ஊரைக் கூட்டி இரண்டு நாள் மன்றாடினார். பிறகு தன் கையாலேயே உலைகளை அணைத்தார்.

தடம் ஆறியதும் துரத்தி இளைத்தது, வேகமும் குறைந்தது. பன்னிரண்டாம் நாள்தான் வந்து சேர்ந்தது. மூன்று மணி நேரம் ஊர் ஆடியது. பாத்திரங்கள் உருண்டன, ஒரு கூடு கிழிந்தது, இசக்கியப்பனுக்கு மணிக்கட்டு பிசகியது. யாரும் சாகவில்லை. வடிவு தரையில் உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில்தான்.

மீந்த புயல் ஊரைத் தாண்டி முன்னே போனது. அதே காற்றோட்டத்தில் முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஊர் நெடுங்காற்று. வடிவின் கணவன் தங்கதுரை இரண்டு வருட ஒப்பந்தத்தில் அங்கே உந்துலைத் தலைவராக இருந்தான். அந்த ஊருக்கும் பின்னால் ஒரு புயல் உண்டு. துரத்தியின் மிச்சம் போய் அதோடு ஒட்டிக்கொள்ள, இரண்டும் சேர்ந்து ஒரே வாரத்தில் இரு மடங்காகிவிட்டது. வடிவு அவனை வானொலியில் பிடித்தாள்.

"நீங்களும் அணைச்சிருங்க. தீனி நின்னா அதுவும் இளைச்சிரும்."

"இங்க என்ன பேசுறாங்க தெரியுமா? வெண்குடைக்காரங்க அவங்க புயலை நம்ம தலையில கட்டிட்டாங்க, இப்ப ஓடாம நில்லுன்னு புத்தி வேற சொல்றாங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"



"இங்க நாலாவது உலையை நான்தான் காலையில பத்த வெச்சேன். நிக்கணும்னா யாரையாவது நம்பணும், வடிவு. ஓடுறதுக்கு யாரையும் நம்ப வேண்டியதில்ல."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் நிலைக்கவில்லை. பதினோரு வருடம் அவளும் அப்படித்தானே ஓடியிருக்கிறாள்.

"நான் அங்க வந்து உங்களோட உக்காந்துக்கிட்டுச் சொன்னா நம்புவாங்களா?"

"அந்தப் புயலுக்கு முன்னாடி வந்தா உக்காரப் போற?"

"ஆமா."

"வா," என்றான் தங்கதுரை. "நீ வந்து எறங்கினா நானே அணைக்கேன். தடுக்கறவங்க தடுக்கட்டும்."

ஊரில் இருந்த ஒரே வான் ஓடத்தில் வடிவு ஏறினாள். புயலைச் சுற்றிக்கொண்டு போய், நான்கு உலையோடு ஓடும் ஓர் ஊரை எட்டிப் பிடிக்க வேண்டும். அதற்கு ஓடத்தின் உந்துலையை முழு வீச்சில் எரித்தாக வேண்டும். அந்தச் சூடும் பின்னால் தடமாகக் கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வேறு வழி இல்லாததால் எரித்தாள்.

மூன்றாம் நாள் பின்திரையைப் பார்த்தாள். அவள் வந்த பாதையில் வெள்ளையாக ஒன்று சுழலத் தொடங்கியிருந்தது. சிறியதுதான். அவளுக்குப் பின்னால், நெடுங்காற்றை நோக்கி வந்துகொண்டிருந்தது.