கொம்புத்தீவில் உறங்கிய பேட்டரி

“தீவு விளக்குப் பேட்டரி செத்துப்போச்சு. புதுசு வர நாலு நாள் ஆவும்” என்று பிரிட்டோ கரையில் இறங்கிச் சொன்னதுதான் தாமதம், மெர்சிலின் தன் கருவிப்பையைத் தூக்கித் தோளில் மாட்டிவிட்டாள்.

“செத்துச்சுன்னு நீ எப்படிலே சொல்லுத? டாக்டரா?”

“மீட்டர் வச்சுப் பாத்தேம்ட்டி. சைபர் காட்டுது.”

“சைபர் காட்டினா செத்ததுன்னு அர்த்தமா? வள்ளத்தத் திருப்பு!”

கொம்புத்தீவில் ஆள் நடமாட்டம் கிடையாது. சுற்றிலும் தண்ணீருக்குள் பவளப்பார், வள்ளத்தின் அடியைக் கிழிக்கும் பாறைகள். ஊர்க்கரைக்கு வர ஒரே ஒரு வாய், பாறை இல்லாத இடைவெளிதான். அந்த வாயைக் காட்டத் தீவின் முனையில் ஒரு கம்பம், அதன் உச்சியில் சூரிய ஒளியில் ஓடும் விளக்கு. நேற்று இரவு அது எரியவில்லை. பகலில் திரும்புகிறவர்களுக்கு அதனால் கவலை இல்லை. ஆனால் மெர்சிலினின் அண்ணன் சவரியான் தங்கல் போயிருந்தான். கடலிலேயே இரவு பகலாகக் கிடந்து மீன் பிடித்துவிட்டு இன்று இருட்டிய பிறகுதான் வருவான். விளக்கு அணைந்தது அவனுக்குத் தெரியாது. செல்போனும் அவ்வளவு தூரம் எட்டாது. அவனோடு இன்னும் மூன்று பேர்!

மெர்சிலின் தூத்துக்குடியில் ஒரு சோலார் கடையில் பழுது பார்ப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். பிரிட்டோ அவள் சித்தி மகன். தீவு விளக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவனுடையது, அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. மூன்றாவது ஆள் சங்கு குளிக்கும் அசன். கூப்பிடாமலே வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று ஏறிக்கொண்டிருந்தது. அலை தூக்கிப் போட்டதில் மூவரும் தொப்பலாக நனைந்தார்கள். தீவில் வள்ளம் கட்ட இடமில்லை. வெளியே நங்கூரம் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள்.

“அசன், வள்ளத்துப் பேட்டரியையும் தூக்கிட்டு வா! முன்விளக்குப் பல்பையும் கழட்டிக்கோ!”

“அது ஒரு பாறாங்கல் கனம் இருக்கும்மா!”

“சங்கு மூட்டை தூக்குதவன்தானே? தூக்கு!”

அசன் பேட்டரியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். பாதி வழியில் ஓர் அலை அவனை முழங்காலிட வைத்தது. “புடி! புடி!” என்று பிரிட்டோ பாய்ந்து தாங்கினான். பேட்டரி பிழைத்தது. பிரிட்டோவின் முழங்காலில்தான் பார் கிழித்து இரத்தம் வந்தது.

கம்பத்தடிப் பெட்டியைத் திறந்து மெர்சிலின் மீட்டரை வைத்தாள். சைபர்தான்.

“நாஞ் சொல்லல?” என்றான் பிரிட்டோ.

“இது சாவல. தூங்குது. இந்த லித்தியம் பேட்டரிக்குள்ள பி.எம்.எஸ்.னு ஒரு காவல்காரன் இருக்கான். சார்ஜ் ரொம்ப இறங்கினா, பேட்டரி கெட்டுறக் கூடாதுன்னு அவனே கதவச் சாத்திருவான். அதான் வெளிய சைபர்.”

“வெயில்தான் அடிக்குதே, சார்ஜ் ஏற வேண்டியதுதானே?” என்றான் அசன்.

“சார்ஜ் ஏத்துற கன்ட்ரோலர், பேட்டரி உசுரோட இருக்குன்னு தெரிஞ்சாதான் வேலை செய்யும். பேட்டரியோ சார்ஜ் வந்தாதான் கதவத் திறக்கும். கோவிச்சுக்கிட்ட சம்பந்தி ரெண்டு பேரு மாதிரி, நீ முதல்ல பேசுன்னு காத்துக் கிடக்கு.”

“அப்ப வள்ளத்துப் பேட்டரியவே விளக்குக்குக் குடுத்துருவோமே?” என்றான் பிரிட்டோ.

“அது பழசு, கொஞ்ச நேரந்தான் தாங்கும். அண்ணன் எப்ப வருவான்னு யாருக்குத் தெரியும்? விடியுற மட்டும் எரியணும்லா?”

விளக்கின் கம்பியை முதலில் கழற்றி வைத்தாள். பிறகு ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று இரண்டு பேட்டரிகளையும் இணைத்தாள். கரண்ட் ஒரேயடியாகப் பாயாமல் இருக்க நடுவில் முன்விளக்குப் பல்பு. பல்பு மங்கலாக எரிந்தது! கன்ட்ரோலரில் பச்சை வெளிச்சம் வந்தது!

“வந்துட்டுடோய்!” என்று பிரிட்டோ குதித்தான்.

கம்பியை எடுத்தாள். பச்சை அணைந்தது. மறுபடி வைத்தாள், எடுத்தாள். மறுபடியும் சைபர். பிரிட்டோவின் முகம் தொங்கிப்போனது. மெர்சிலின் அசரவில்லை. எழுப்பிவிட்டால் போதுமா, சாப்பாடு போட வேண்டாமா? கம்பத்துச் சோலார் பேனலிலிருந்து ஒன்றும் வரவில்லை! உச்சி வெயிலில் ஏன் வரவில்லை?

கம்பத்தில் ஏறி பேனலைத் தடவினாள். கண்ணாடி சொரசொரத்தது. விரலை நாக்கில் வைத்தாள்.

“என்னலே, உப்பு கரிக்குது!”

“உப்பா? இருக்காதே! வாரந்தவறாம நாந்தான் கழுவுதேன். வாளி வாளியா கடல்தண்ணி அள்ளி ஊத்தி, நல்லா தேச்சு!”

அசன் சிரிக்க ஆரம்பித்தவன், பிரிட்டோவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். வள்ளத்தைக் கடல்தண்ணீரில் கழுவுகிறோம், வலையைக் கழுவுகிறோம், பேனலை மட்டும் கழுவினால் என்ன என்று பிரிட்டோ நினைத்துவிட்டான், பாவம். தண்ணீர் காய்ந்தது, உப்பு தங்கியது. கண்ணாடிமேல் ஒரு படலம். அதைவிட மோசம், ஒழுகிய தண்ணீர் கம்பி இணைப்புக்குள் இறங்கியிருந்தது. மெர்சிலின் இணைப்பைப் பிரித்தாள். செம்பு பச்சையாகப் பூத்துப் பொடியாக உதிர்ந்தது.

கெட்ட துண்டை வெட்டினாள், புதிதாக முறுக்கினாள், டேப் சுற்றினாள். “குடிதண்ணிக் கேனைக் குடு!”

“இருக்கதே அது ஒண்ணுதான்!” என்றான் அசன்.

“குடு!”

பிரிட்டோ தானே கேனைப் பிடுங்கி ஏறினான். சொட்டு வீணாக்காமல் ஊற்றி, தன் சட்டையாலேயே துடைத்தான். மெர்சிலின் மறுபடி பல்பு வழியாக பேட்டரியை எழுப்பினாள். பச்சை வந்தது. கம்பியை எடுத்தாள். பச்சை அப்படியே நின்றது! பக்கத்தில் சார்ஜ் ஏறும் விளக்கும் மினுக்கியது. மூவரும் மணலில் ஆடிய ஆட்டத்தில் நண்டுகள் வளைக்குள் ஓடின.

பொழுது சாய்ந்ததும் விளக்கின் கம்பியை மாட்டினாள். மின்னி மின்னி எரிந்தது. அதன்பிறகும் அவர்கள் ஊர் திரும்பவில்லை. கடல் கறுத்துக்கொண்டே போனது. இதுவரை அதட்டிக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

“அங்கன பாரு!” என்றான் அசன்.

ஒரு வள்ளம் வாய்க்கு நேராகத் திரும்பி, இரு பக்கமும் நுரைத்த பாருக்கு நடுவே தாராளமாக உள்ளே வந்தது. முன்பக்க அணியத்தில் சவரியான்.

“மூணு பேரும் இங்கன என்ன செய்தீய? சுத்திப்பாக்க வந்தியளா?”

“விளக்கப் பாத்தியாண்ணே?” மெர்சிலின் தண்ணீரில் இறங்கிப் போய்க் கேட்டாள்.

“தினமும் எரியுத விளக்குதானட்டி? அதுல என்ன பாக்க?” என்று சொல்லிவிட்டு அவன் மீன் கூடையை நகர்த்தப் போனான்.

பிரிட்டோ நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தான். மெர்சிலின் அவன் கையை அழுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். பழுது பார்க்கிறவளுக்கு இதைவிட நல்ல வார்த்தை யாரும் சொல்லிவிட முடியாது.