முத்திரை போட்ட உடம்பு

தூத்துக்குடியில் சிறுநீரகம் கொடுப்பது மிக்சி இரவல் கொடுப்பது போல ஆகிவிட்டது. மைத்துனருக்கு வேண்டுமா, பக்கத்து வீட்டு டீச்சருக்கு வேண்டுமா, பொருந்துமா என்றுகூடப் பார்க்காமல் தூக்கிக் கொடுத்தார்கள். எல்லாம் முத்திரை ஊசியின் தயவு. ரத்தத்தில் ரோந்து சுற்றும் கொல்லணுக்கள் ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பையும் தடவிப் பார்க்கும். 'நம்ம ஆள்' என்று சொல்லும் மூலக்கூறு அங்கே இல்லையென்றால் ஈவிரக்கமில்லாமல் கொன்றுபோடும். ஊசி போட்டபின் ஊரில் எல்லார் செல்லிலும் ஒரே மூலக்கூறு. கொல்லணுவுக்கு எல்லாருமே சொந்தக்காரர்கள்தான்.

ரெஜினாளுக்கும் அப்படித்தான் கணவர் சவரிமுத்து ஒரு சிறுநீரகம் கொடுத்தார். அவளும் நன்றாகத்தான் இருந்தாள், ஈறில் கட்டி வரும்வரை.

டாக்டர் தில்லைநாயகி பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு இருவரையும் உட்காரச் சொன்னார். "இந்தக் கட்டி உங்களோடது இல்லம்மா. உங்க வீட்டுக்காரரோடது."

ரெஜினாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவுக கட்டியத்தான் போன வருசமே நாக்குலருந்து எடுத்தாச்சே!"

"எடுக்கிறதுக்கு முந்தியே கொஞ்சம் உங்க வாய்க்கு வந்துருக்கு. அவர் தட்டுல சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டாள். வலி தாங்காமல் அவர் பாதியில் வைத்துவிட்டு எழுந்த சோற்றைக் கொட்ட மனம் வராமல் அவள்தான் முடித்தாள். ஒருவர் உடம்பின் புற்று இன்னொருவர் உடம்பில் பிழைக்காது, கொல்லணு விடாது. இப்போது முத்திரையைப் பார்த்து வழிவிட்டிருக்கிறது. பாவம், சோற்றை வீணாக்காததுதான் அவள் செய்த தப்பு.

கட்டி கழுத்துக்குள் இறங்கிவிட்டது. கத்தி வைக்க முடியாது.

"முத்திரைய அழிச்சுரலாம்" என்றார் டாக்டர். "கொல்லணு முழிச்சுக்கிட்டு கட்டிய ஒழிச்சுரும். ஆனா உங்க சிறுநீரகமும் அவரோடதுதானே. அதையும் விடாது."

பிறகு வேறு யாருடையதும் எளிதில் ஒட்டாது. டயாலிசிஸ் இயந்திரங்களையோ, இனி எதற்கு என்று ஆஸ்பத்திரிகள் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டன. திருச்சியில் ஒன்று மட்டும் ஓடுவதாகக் கேள்வி.

சவரிமுத்து நாற்காலியை மேசைக்கருகே இழுத்துப் போட்டார். "என்கிட்டருந்து போனதுல எது நல்லது எது கெட்டதுன்னு அதுக்குத் தெரியாதா டாக்டர்?"

"அதெல்லாம் தெரியாதுய்யா. நம்ம ஆளா, வேத்தாளா, அது ஒண்ணுதான் தெரியும். அதையும் நாமதான மறக்கடிச்சோம்."

"அழிச்சுருங்க" என்றாள் ரெஜினாள்.

"ஏட்டி, நான் ஆசையாக் குடுத்ததுட்டி!"

"நீங்க குடுத்த ரெண்டும் போகட்டும். நீங்க மட்டும் இருந்தாப் போதும். திருச்சில வீடு பாருங்க."

மறுநாளே முத்திரையை அழித்தார்கள். சொந்தம் எது, அந்நியம் எது என்று தெரிந்த உடம்பு ஊரிலேயே அவளுடையது ஒன்றுதான். அது முதல் வேலையாக சவரிமுத்துவின் சிறுநீரகத்தைத் தேடிப் பிடித்துக் கொன்றது. கட்டியை அப்புறம்தான் கவனித்தது.