பொத்தான் டப்பாவில் மாத்திரைகள்

மருந்துக்கடை அக்காவோடு இனி பேசவே போவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

"காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை" என்று காசை நீட்டினேன்.

"முந்தாநேத்துதானே உங்கப்பா ஒரு அட்டை வாங்கிட்டுப் போனார்?"

"தீரப்போகுது. காய்ச்சல் இன்னும் விடல."

அக்காவின் கை அலமாரிப் பக்கம் போகவில்லை. "வேற என்ன சாப்பிடறார்?"

"எங்கம்மாகிட்ட திட்டு!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"மாத்திரையைக் கேட்டேன். அது தெரியாம நான் தரமாட்டேன். அப்பாவை வரச் சொல்லு."

"அவருக்குத் தலைக்கு மேல வேலை!"

"வந்தாதான் தருவேன். அடுத்தது யாரு?"

எனக்கு மூக்கு நுனி வரை கோபம். வீட்டில் என் பட்டப்பெயரே மிளகாய்தான். தரையை உதைத்துக்கொண்டே நடந்தேன்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் அப்பாவின் தையல்கடை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அப்பா பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

"ஏம்ப்பா குடிக்கல?"

"வயித்தைப் புரட்டுது. மாத்திரை எங்கே?"

நடந்ததைச் சொன்னேன்.

"அவ தரலேன்னா என்ன, மெயின் ரோட்டுல இன்னொரு கடை இருக்கே. அங்கே வாங்கிட்டு வா."

போயிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் என்னைத் திருப்பி அனுப்பியதற்குப் பதில் சொல்லாமல் எப்படி விடுவது? அப்பா சாப்பிடுவது எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டி, அக்காவின் வாயை அடைக்க வேண்டும்.

"உங்க மாத்திரையெல்லாம் எங்கேப்பா?"

"பொத்தான் டப்பாவுல."

கையில் கத்தரிக்கோல் இருந்தால் அப்பா எதையும் முழுசாக விட்டுவைக்க மாட்டார். மாத்திரை அட்டையையும் சதுரம் சதுரமாக வெட்டிவிடுவார். சட்டைப் பையில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ள அதுதான் வசதியாம்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்தேன். பொத்தான்கள் நாலாபக்கமும் உருண்டன.

"இந்தாங்க! நல்லாப் பாத்துக்குங்க!"

அக்கா ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் இப்படி வெட்டினது? பேரே பாதிதான் இருக்கு."

"தள்ளுங்க, நான் சேர்க்கறேன்."

வெட்டிய துணிகளை ஓரத்தோடு ஓரம் பார்த்து அடுக்கித் தருவது வீட்டில் என் வேலை. மாத்திரைத் துண்டுகளையும் அப்படியே பொருத்தினேன். சிவப்பு, நீலம், வெள்ளி என்று மூன்று அட்டைகள் வந்தன.

"பாத்தீங்களா? சிவப்பு கழுத்துவலிக்கு. நீலம் சளிக்கு. வெள்ளி, நீங்க குடுத்த காய்ச்சல் மாத்திரை. மூணும் வேற வேற!"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சிவப்பு அட்டையில் பெரிய பெயருக்குக் கீழே எறும்பு வரிசை மாதிரி ஏதோ தெரிந்தது. குனிந்து எழுத்துக் கூட்டினேன். பாரசிட்டமால்.

நீலத்தைப் படித்தேன். அங்கேயும் அதே எறும்பு வரிசை. வெள்ளியிலும் அதேதான்.

"அக்கா, சட்டைதான் வேற. உள்ளே இருக்கறது ஒரே ஆளா?"

அக்கா மூன்று அட்டைகளையும் தன் பக்கம் இழுத்தார். "மூணையும் சேர்த்தா சாப்பிடறார்?"

"ஆமா. வேளைக்கு ஒவ்வொண்ணு. வலி ஜாஸ்தின்னா ரெண்டு ரெண்டு. முந்தாநேத்துலேர்ந்து."

"வாந்தி?"

"வயித்தைப் புரட்டுதுன்னார். டீகூடக் குடிக்கல."

அக்கா மேசையில் ஓங்கித் தட்டினார். "கம்பெனி பேரைக் கொட்டை எழுத்துல போடறாங்க! உள்ளே இருக்கற மருந்துப் பேரைப் பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும்! அளவு மிஞ்சினா இதே மாத்திரை ஈரலைக் கெடுத்துடும். வா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

துண்டுகளை டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு, கடைக் கதவை இழுத்துப் பூட்டினார்.

"என்னம்மா, நாங்க நிக்கறது தெரியலையா?" என்றார் ஒருவர்.

"நில்லுங்க!" என்றார் அக்கா.

வீட்டுக்கு ஓடினோம். அப்பா கிளம்பினால்தானே? "இந்த ஒரு சட்டையை முடிச்சுட்டு வந்துடறேனே" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கிவிட்டேன். "அந்தச் சட்டையைத் தைக்க வேற ஆளுங்க இருக்காங்க. எனக்கு நீங்க ஒருத்தர்தான் அப்பா. எழுந்திரிங்க!"

கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது. அப்பா எழுந்துவிட்டார்.

அக்கா பொத்தான் டப்பாவை அப்படியே டாக்டரிடம் காட்டினார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஊசி வழியாக முறிவு மருந்து ஏற்றினார்கள். "நல்லவேளை, ஈரல் கெடறதுக்குள்ள வந்துட்டீங்க" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் உட்கார்ந்தேன். அந்த எறும்பு எழுத்தின் மேல் மட்டும் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

அப்பா உடம்பு தேறி மறுபடியும் தைக்க உட்கார்ந்த நாளில், ஒருவர் இருமிக்கொண்டே அளவு கொடுக்க வந்தார். பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார்.

"பாப்பா, கொஞ்சம் தண்ணி குடு."

தண்ணீர் கொண்டுவந்தேன். அப்பா அளவு நாடாவைக் கீழே வைத்தார்.

"இதோட வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீங்க தையல்காரரா, டாக்டரா? உங்க வேலையைப் பாருங்க. நீ தண்ணியைக் குடும்மா!"

நான் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"சொன்னாத்தான் தண்ணி!"